வெளியே பனி, உள்ளே அடுப்பு

“விடாமல் மழை பெய்கிற நாளில், கடைக்கும் போக முடியாமல் இருந்தால், வீட்டில் இருப்பதைக் கொண்டு சுடச்சுட என்ன செய்யலாம்?” என்று வேலூர் வாசகி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். மிளகு ரசமும் சுட்ட அப்பளமும் என்று ஒரே வரியில் பதில் எழுதிவிட்டு அடுத்த கடிதத்தைப் பிரிக்கப் போனேன். கை போகவில்லை. அந்தக் கேள்வி எனக்கு ஒரு பனி நாளை நினைவூட்டிவிட்டது. அந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் சமையலுக்கு வரப் போகிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பனி என்றதும் நம் மார்கழிப் பனியை நினைத்துக்கொள்ளாதீர்கள். காதைச் சுற்றி மப்ளரைக் கட்டிக்கொண்டு, “அப்பப்பா, என்ன குளிர்!” என்று மாம்பலத்தில் நாம் சொல்லிக்கொள்கிறோமே, அது விளையாட்டுக் குளிர். நான் சொல்வது பஞ்சு பஞ்சாக வானத்திலிருந்து உதிர்ந்து, வாசற்படியை மூடி, ஊரையே மூடிவிடுகிற பனி.

2024 டிசம்பரில் நான் ஸ்ரீநகரில் என் பெண் வீட்டில் இருந்தேன். மாப்பிள்ளைக்கு மத்திய சர்க்கார் உத்தியோகம். “குளிர் காலத்தில் வராதே அம்மா, உனக்குத் தாங்காது” என்று பெண் எவ்வளவோ சொன்னாள். ஆனால் அவள் முழுகாமல் இருந்தாள், ஐந்தாம் மாதம். எந்தத் தாயார் அந்தச் சமயத்தில் காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்? இரண்டு கம்பளிச் சட்டை, ஒரு டப்பா ரசப் பொடி, ஒரு உருண்டை புளி, கட்டிப் பெருங்காயம் இவற்றோடு கிளம்பிவிட்டேன்.

காஷ்மீரத்தில் குளிர் காலத்துக்குக் கணக்கு உண்டு. டிசம்பர் 21-ல் ‘சில்லாய் கலான்’ பிறக்கிறது. அது 40 நாள். உடம்பை ஊசியாகக் குத்தும் பெரிய குளிர். அதற்கப்புறம் 20 நாள் ‘சில்லாய் குர்த்’, சின்னக் குளிர். கடைசியில் 10 நாள் ‘சில்லாய் பச்சா’, குழந்தைக் குளிர். தாத்தா, மகன், பேரன் என்று வரிசையாக வந்து விருந்தாடிவிட்டுப் போகிற மாதிரி! அந்த வருஷம் தாத்தா பிறந்த இரவே ஸ்ரீநகரில் மைனஸ் 8.5 டிகிரி. தால் ஏரியின் ஓரங்கள் கண்ணாடியாக உறைந்தன. குழாயைத் திருகினால் தண்ணீர் வராது. வெந்நீரைக் குழாயின் மேல் ஊற்றி அதைத் தாஜா செய்ய வேண்டும்.

டிசம்பர் 27, வெள்ளிக்கிழமை. ஆபீஸ் காரியமாக ஜம்முவுக்குப் போயிருந்த மாப்பிள்ளை, மலையைக் குடைந்த சுரங்கப் பாதையைத் தாண்டிவிட்டதாக மத்தியானம் போன் செய்தார். “இருட்டுவதற்குள் வந்துவிடுவேன். அத்தையை ரசம் வைக்கச் சொல்” என்றாராம். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் பனி விழ ஆரம்பித்தது. முதலில் நான் குழந்தை மாதிரி ஜன்னலில் ஒட்டிக்கொண்டு பார்த்தேன். முதல் பனி விழுந்தால் அங்கே ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிக்கொள்வார்கள். கீழ் வீட்டில் குடியிருந்த வீட்டுக்கார அம்மாள் கூட, “ஷீன் முபாரக், பெஹன்ஜி!” என்று மாடிப்படியில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். ஷீன் என்றால் பனி.

சாயங்காலம் மின்சாரம் போயிற்று. இரவு எட்டு மணி ஆயிற்று, ஒன்பது ஆயிற்று. ரசம் ஆறி, மறுபடி சுட வைத்து, மறுபடி ஆறியது. மாப்பிள்ளையின் போன் பேசவே இல்லை. வெளி மாநிலத்து ப்ரீபெய்டு எண் காஷ்மீரத்தில் வேலை செய்யாதென்பதால் என்னுடைய போன் போன நாள் முதலே ஊமை. அவளுடைய போனில் ஒரு கோடு சார்ஜ். அதையே பார்த்துக்கொண்டு என் பெண் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தாள்.

விடிந்ததும் என்னை எழுப்பியது அமைதிதான். காக்காய் இல்லை, வண்டி இல்லை, செருப்புச் சத்தம்கூட இல்லை. புதுப் பனியில் காற்று நிறைந்த சந்துகள் ஆயிரமாயிரம் உண்டாம். சத்தத்தையெல்லாம் அது உறிஞ்சிக்கொண்டுவிடும். ஜன்னலைத் துடைத்துப் பார்த்தேன். மதில் மேலே ஒரு சாண் உயரத்துக்கு இன்னொரு வெள்ளை மதில். கொடிக் கயிறுகூட வெள்ளையாகத் தடித்திருந்தது. நடுநடுவே எதிர் வீட்டுத் தகரக் கூரையிலிருந்து பனி மொத்தமாகச் சரிந்து ‘தொப்’ என்று விழும். ஒவ்வொரு ‘தொப்’புக்கும் என் பெண் வாசலைப் பார்ப்பாள்.

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: அடுப்பைப் பற்ற வைப்பது. ஆனால் எதைச் செய்வது? மூன்று நாளைக்கு முன் அரைத்து வைத்த இட்லி மாவு, அரைத்த இடத்திலேயே அசையாமல் கிடந்தது. அந்தக் குளிரில் மாவு எங்கே பொங்கும்? மின்சாரம் இல்லாததால் மிக்ஸியும் இல்லை. காய்க் கூடையில் இரண்டு உருளைக்கிழங்கு. “போனில் தட்டினால் பத்து நிமிஷத்தில் காய் வந்துவிடும் அம்மா, எதற்கு வாங்கி அடுக்குகிறாய்?” என்பது என் பெண்ணின் வழக்கமான வசனம். சென்னையில் வளர்ந்த குழந்தை. அன்று போனில் தட்டினால் பனிதான் வந்திருக்கும்.

அப்போது கீழ் வீட்டு அம்மாளின் மருமகள் ஒரு தட்டோடு மேலே வந்தாள். வட்ட வட்டமாக ‘கிர்தா’ ரொட்டி. ஊரே உறைந்தாலும் ரொட்டிக்கடைக்காரர் விடியற்காலையில் தந்தூரைப் பற்ற வைத்துவிடுவாராம். கூடவே கோப்பைகளில் ரோஜா நிறத்தில் ஏதோ ஒன்று ஆவி பறந்தது. ‘ஆகா, சுடச்சுட ரோஸ் மில்க்!’ என்று நினைத்து ஒரு வாய் குடித்தேன். உப்பு! என் முகம் போன போக்கைப் பார்த்து, இரவு முழுதும் அழுத என் பெண் கொஞ்சம் சிரித்தாள். அந்த ஒரு சிரிப்புக்காக நான் இன்னும் பத்துக் கோப்பை குடிக்கத் தயாராக இருந்தேன்.

அதன் பெயர் ‘நூன் சாய்’, உப்புத் தேநீர். பச்சைத் தேயிலையைச் சிட்டிகை சோடா உப்புப் போட்டு நெடுநேரம் கொதிக்க வைத்தால், ரத்தச் சிவப்பாக டிகாக்ஷன் இறங்குகிறது. அதைக் கரண்டியால் தூக்கித் தூக்கி ஆற்றி, பாலும் உப்பும் சேர்த்தால் ரோஜா நிறம் வந்துவிடுகிறது. மூன்றாம் நாள் எனக்கே பிடித்துப்போயிற்று.

“எல்லாரும் கீழே வந்துவிடுங்கள். இரண்டு வீட்டில் இரண்டு அடுப்பு எதற்கு? பேட்டியைத் தனியாக உட்கார வைக்காதீர்கள்” என்று மாமியார் சொல்லி அனுப்பியிருந்தாள். மாமியாருக்கு எழுபது வயதிருக்கும். எனக்குத் தெரிந்தது அந்தக் காலத்தில் மத்தியமா பரீட்சைக்குப் படித்த ஹிந்தி. அவள் பேசியது உருது. ஆனாலும் இரண்டு சமையற்கட்டுக்காரிகளுக்குப் பாஷை ஒரு தடையா?

கீழே ‘புகாரி’ எரிந்துகொண்டிருந்தது. தகரத்தில் செய்த விறகடுப்பு அது. புகை குழாய் வழியே வெளியே போய்விடும். அந்த அம்மாள் முழங்கால் வரை தொங்கும் ‘ஃபெரன்’ அங்கிக்குள்ளே ‘காங்கிடி’யை வைத்திருந்தாள். பிரம்புக் கூடைக்குள் மண் சட்டி, அதில் நீறு பூத்த நெருப்பு. மடியிலேயே அடுப்பு! எனக்கும் ஒன்று கொடுத்தாள். என் பெண்ணுக்குக் கொடுக்கவில்லை. “வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு வேண்டாம்” என்று கம்பளியைப் போர்த்தினாள். காங்கிடியை வருஷக்கணக்காக உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டால் தோலில் புற்றுநோய் வருவதுண்டென்று 19-ஆம் நூற்றாண்டிலேயே டாக்டர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். அத்தனை குளிரிலும் ஒரு ஜன்னலை விரற்கடை அளவு திறந்தே வைத்திருந்தாள். மூடிய அறையில் கரியோ காஸோ எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷக் காற்று உண்டாகும். அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது, தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். அங்கே குளிர் காலந்தோறும் இப்படிப்பட்ட துக்கச் செய்தி வருகிறது. நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். காஸ் கீஸரை ஜன்னலில்லாத குளியலறையில் மாட்டிவைத்திருக்கும் வீடுகளில் நடப்பதும் இதேதான். இந்த வாரமே உங்கள் குளியலறையைப் பாருங்கள்.

சரி, கதைக்கு வருகிறேன். பத்து மணி இருக்கும். “மத்தியானத்துக்கு என்ன செய்யலாம்?” என்று கேட்டேன். அந்த அம்மாள் சிரித்துவிட்டு மச்சுக்கு என்னை அழைத்துக்கொண்டு போனாள். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். அடேயப்பா! உத்தரத்திலிருந்து மாலை மாலையாகத் தொங்கிற்று. நாடா நாடாகச் சீவிக் காய வைத்த சுரைக்காய், நாலாகக் கீறிக் காம்போடு உலர்த்திய கத்தரிக்காய், வில்லை வில்லையாக டர்னிப், சுருங்கிப்போன தக்காளி. ஒரு மூலையில் மிளகாய் மாலை; இன்னொரு மூலையில் ராஜ்மா மூட்டை. எனக்கு ஒரு கணம் என் பாட்டியின் வீட்டு மாடி ஞாபகம் வந்துவிட்டது. சித்திரை வெயிலில் பழைய வேஷ்டியை விரித்துச் சுண்டை, மணத்தக்காளி, கொத்தவரை, கத்தரி என்று காய வைத்து, காக்காய் விரட்ட எங்களை உட்கார வைப்பாளே, அதே வற்றல்! நாம் ஐப்பசி மழைக்குச் சேர்த்து வைத்தோம். அவர்கள் மார்கழிப் பனிக்குச் சேர்த்து வைக்கிறார்கள். சுரை வற்றலுக்கு ‘அல் ஹச்சி’ என்றும் கத்தரி வற்றலுக்கு ‘வாங்கன் ஹச்சி’ என்றும் பெயர்.

இதற்குக் காரணம் இருந்தது. காஷ்மீரப் பள்ளத்தாக்கைச் சுற்றி நாலு பக்கமும் மலை. ஜம்முவிலிருந்து வருகிற சாலை பனிஹால் கணவாயின் உச்சியில் ஏறி இறங்க வேண்டும். பனி விழுந்தால் கணவாய் மூடிக்கொள்ளும். அப்புறம் வெளியிலிருந்து ஒரு கத்தரிக்காய் உள்ளே வராது. 1956 டிசம்பரில் கணவாய்க்குக் கீழே ஜவாஹர் சுரங்கம் திறந்த பிறகுதான் குளிர் காலத்திலும் வண்டி ஓட வழி பிறந்தது. 2021-ல் அதைவிடத் தாழ்வான இடத்தில் எட்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமான புதிய சுரங்கம் வந்தது. நான் போய்விட்டு வந்த பிறகு, 2025 ஜூனில் செனாப் பாலத்தின் மேல் ரயிலே போய்விட்டது. இப்போதெல்லாம் ஸ்ரீநகர் மார்க்கெட்டில் ஜனவரியிலும் பச்சைக் காய் கிடைக்கிறது. அப்படியும் வற்றலை விட்டார்களா? இல்லை. தேவை போன பிறகும் ருசி நின்றுவிட்டது. தவிர, சுரங்கமும் ரயிலும் எத்தனை வந்தாலும் பனிக்கு அதெல்லாம் கணக்கில்லை என்பதற்கு அந்தச் சனிக்கிழமையே சாட்சி. சாலை மூடியிருந்தது, விமானமும் நின்றிருந்தது.

“பனி நாளின் சாப்பாட்டை வெயில் நாளில்தான் சமைக்க வேண்டும், பெஹன்ஜி” என்றாள் அந்த அம்மாள், கத்தரி மாலையைக் கழற்றிக்கொண்டே. “ஆகஸ்டில் முதுகு எரிய உட்கார்ந்து நறுக்கினேன். இன்று பனியைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.”

சுரை வற்றலை வெந்நீரில் ஊற வைத்து, கடுகெண்ணெயைப் புகையும் வரை காய்ச்சி ஆற விட்டு, மஞ்சள், மிளகாய்ப் பொடி, சோம்புப் பொடி, சுக்குப் பொடி போட்டு அவள் சமைத்தாள். எங்களுக்காகவே புலால் படாத தனிப் பாத்திரம். அங்கே சமையல் வீட்டுக்கு வீடு மாறும். பண்டிதர் வீடுகளில் வெங்காயம், பூண்டு இல்லாமல் பெருங்காயம், சோம்பு, சுக்கு. முஸ்லிம் வீடுகளில் பூண்டும் சின்ன வெங்காய ஜாதி ஒன்றும். இரண்டு வீட்டிலும் சாதம்தான் பிரதானம் என்பது நம் போன்றவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

சாதத்தைப் பிசைந்து வைத்துக்கொண்டு என் பெண் வாயில் வைக்கவே இல்லை. “அவர் எங்கே பசியோடு நிற்கிறாரோ, எனக்கு எப்படி அம்மா இறங்கும்?” என்றாள். நான் அதட்டினேன், கெஞ்சினேன். பலிக்கவில்லை. அந்த அம்மாள் எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். “பேட்டி, இந்தப் பள்ளத்தாக்கில் பனியில் நிற்கிறவனைப் பார்த்துக் கதவைச் சாத்திக்கொள்ளும் வீடு கிடையாது. வழி நெடுக வீடு இருக்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் மச்சு இருக்கிறது. நீ சாப்பிடு” என்றாள். அது வெறும் சமாதானம் என்றுதான் அப்போது நினைத்தேன். பெண்ணும் அப்படித்தான் நினைத்திருப்பாள். ஆனாலும் நாலு வாய் சாப்பிட்டாள்.

மத்தியானம் நகரவே இல்லை. உட்கார்ந்தே இருந்தால் பயம் பெரிதாகிறது. ஆகவே நான் எழுந்து, “ராத்திரிச் சமையல் என்னுடையது” என்று அறிவித்துவிட்டேன். மார்கழி மாதம், கையில் அரிசி இருந்தது, பயத்தம்பருப்பு இருந்தது, மிளகு, சீரகம், நெய், இஞ்சி இருந்தன. வேறென்ன, வெண்பொங்கல்தான். தொட்டுக்கொள்ள, அவளுடைய கத்தரி வற்றலும் என்னுடைய புளியும் சேர்த்து ஒரு கொத்சு.

அந்த ஊரில் பொங்கல் வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்ரீநகர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 5,200 அடி. அந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிக்கிறதே என்று திறந்த பாத்திரத்தை நம்பினால் பருப்பு கல்லாக நிற்கும். குக்கர்தான் கதி; அதிலும் நம் ஊரைவிட ஒரு விசில் கூடுதல்.

பொங்கலைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். அந்த அம்மாள் ஒரு வாய் போட்டுக்கொண்டு அப்படியே இருந்துவிட்டாள். காரம் அதிகமோ என்று பயந்துபோனேன். “நாளை மறுநாள் அமாவாசைதானே?” என்று கேட்டாள். ஆம், திங்கட்கிழமை மார்கழி அமாவாசை. அங்கே பண்டிதர்கள் அன்று இரவு கிச்சடி செய்து, யக்ஷன் மலையிலிருந்து இறங்கி வருவானென்று, ஒரு பங்கை வீட்டுக்கு வெளியே வைப்பார்களாம். ‘கிச்சடி அமாவாசை’ என்றே அதற்குப் பெயர். “பக்கத்து வீட்டிலிருந்து எனக்கும் ஒரு தட்டு வரும். நான் கல்யாணமாகி வந்த நாள் முதல் வந்துகொண்டிருந்தது. 1990-க்குப் பிறகு வரவில்லை” என்றாள். ஜன்னலுக்கு வெளியே, பனி மூடிய ஒரு பூட்டிய வீடு நின்றது. அந்த வருஷம் பயத்திலே ஊரை விட்டுக் கிளம்பிய பண்டிதர் குடும்பங்கள் எத்தனையோ. போன இடத்திலெல்லாம் அவர்கள் இன்னும் அந்தக் கிச்சடியைச் செய்கிறார்கள் என்று கேள்வி. நான் ஒன்றும் பேசவில்லை. இன்னொரு கரண்டி பொங்கல் வைத்தேன். அவள் வேண்டாமென்று சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் போன் மணி அடித்தது. தெரியாத எண். என் பெண் எடுத்து, “ஹலோ” என்றவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு உயிரே இல்லை. பிறகு அவள் சிரிப்பதும் அழுவதுமாகச் சொன்னாள்: “அவர்தான் அம்மா! அவர்தான்!”

நடந்தது இதுதான். காசிகுண்டுக்குப் பக்கத்தில் சாலை கண்ணாடியாக வழுக்கியது. நூற்றுக்கணக்கான வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. போனில் உயிர் போய்விட்டது. இரவு பத்து மணிக்கு, கையில் லாந்தரோடு ஊர்க்காரர்கள் வந்து கார்க் கண்ணாடியைத் தட்டினார்கள். மாப்பிள்ளையையும் இன்னும் ஏழெட்டுப் பேரையும் ஒரு வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய், படுக்கையும் கொடுத்தார்கள். அங்கேயும் மின்சாரம் இல்லை. போன் கோபுரமும் வேலை செய்யவில்லை. மறுநாள் சாயங்காலம் வந்த பிறகு வீட்டுக்காரரின் போனிலிருந்து பேசினார்.

“சாப்பாடு?” என்று நான் பின்னாலிருந்து கத்தினேன். மாப்பிள்ளை சொன்னார்: “புலால் சாப்பிட மாட்டேன் என்று சொன்னேன், அத்தை. அந்த வீட்டுப் பாட்டி டார்ச்சை எடுத்துக்கொண்டு மச்சுக்குப் போய், ஏதோ வற்றல் எடுத்து வந்து அந்த அர்த்த ராத்திரியில் சமைத்துப் போட்டாள். சுரைக்காயாம்!”

கீழ் வீட்டு அம்மாளுக்கு இதை மொழிபெயர்த்துச் சொன்னோம். “நான்தான் சொன்னேனே” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவள் காங்கிடியைக் கிளறினாள். அவ்வளவுதான். அதே இரவில் சோனமார்க் போகும் வழியில் கண்ட் என்ற ஊரில், பனியில் மாட்டிக்கொண்ட உல்லாசப் பிரயாணிகளுக்கு ஊரார் மசூதியைத் திறந்துவிட்டுப் படுக்க இடம் கொடுத்தார்கள் என்று பத்திரிகைகளில் வந்தது. உங்களில் சிலர் படித்திருப்பீர்கள். மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்தார். ரசம் புதிதாகத்தான் வைத்தேன்!

சகோதரிகளே, அப்புறம் பல நாள் நான் இதை யோசித்துப் பார்த்திருக்கிறேன். பனி நாளின் சுகம் என்று சொல்கிறோமே, கம்பளி, கதகதப்பு, சுடச்சுடச் சாப்பாடு, அது எங்கிருந்து வந்தது? ஆகஸ்டு வெயிலில் யாரோ ஒரு பாட்டி முதுகு எரியக் கத்தரிக்காய் கீறியதிலிருந்து வந்தது. அவள் தன் வீட்டாரைக் கணக்கிட்டு மட்டும் கீறியிருந்தால், முகம் தெரியாத என் மாப்பிள்ளைக்கு அந்த இரவில் என்ன கிடைத்திருக்கும்? நம் பாட்டிகளும் அப்படித்தானே, எதையும் ஒரு ஆள் கூடுதலாகவே கணக்கிட்டார்கள். நாம் அந்த ஒரு ஆளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டோம். பத்து நிமிஷத்தில் எல்லாம் வந்துவிடும் என்கிற தைரியத்தில் அலமாரி காலியாகிவிட்டது. கதவைத் தட்டுகிறவருக்குப் போட ஒன்றும் இல்லை.

இனி வேலூர் வாசகிக்குப் பதில்.

கத்தரி வற்றல் கொத்சு (நாலு பேருக்கு): கத்தரி வற்றல் ஒரு பெரிய கைப்பிடி எடுத்து, மஞ்சள் பொடி போட்ட வெந்நீரில் அரை மணி ஊற வையுங்கள். பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கசக்கும். எலுமிச்சங்காய் அளவு புளியைக் கரைத்துக்கொள்ளுங்கள். மூன்று கரண்டி நல்லெண்ணெயில் கடுகு, பெருங்காயம் தாளித்து, வற்றலை நிறம் மாறும் வரை வதக்கி, அடுப்பைத் தணித்து, மிளகாய்ப் பொடி ஒரு ஸ்பூன், சோம்புப் பொடி ஒரு ஸ்பூன், சுக்குப் பொடி அரை ஸ்பூன் போட்டு ஒரு புரட்டுப் புரட்டி, உடனே புளித் தண்ணீரை விடுங்கள். பொடி கருகினால் எல்லாம் போயிற்று. கால் மணி கொதித்து எண்ணெய் மேலே பிரிந்து வந்ததும் இறக்குங்கள். காஷ்மீர மிளகாய்க்கு நிறம் அதிகம், காரம் குறைவு. நம் குண்டூர் மிளகாயானால் பாதி போதும். நம் வற்றலில் உப்பு ஏற்கெனவே இருக்கும். ருசி பார்த்துவிட்டுப் பிறகு உப்புப் போடுங்கள்.

வெண்பொங்கலுக்கும் ஆகும், வெறும் சூடான சாதத்துக்கும் ஆகும். வெளியே மழை கொட்டினால் இன்னும் நன்றாக இருக்கும்.

ஒரு சமாசாரம் சொல்ல மறந்துவிட்டேனே. மே மாதம் எனக்குப் பேத்தி பிறந்தாள். ஆகஸ்டில் ஒரு நாள் என் பெண் ஸ்ரீநகரிலிருந்து போன் செய்தாள். பின்னணியில் குழந்தை அழுகிற சத்தம். “அம்மா, கத்தரிக்காயைக் காம்போடு கீற வேண்டுமா, காம்பை எடுத்துவிட்டா? கீழ் வீட்டு அம்மா ஊரில் இல்லை” என்றாள்.

“காம்போடு கீறு” என்றேன். “எவ்வளவு வாங்கியிருக்கிறாய்?”

“ஐந்து கிலோ.”

“மூன்று பேருக்கு எதற்கடி ஐந்து கிலோ?”

“யாராவது வருவார்கள், அம்மா” என்றாள்.